பிள்ளைகளோடு ஒரு சின்னத் தீவு: கொங்குப் பக்கத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்திலிருந்து 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளோடு கடல் தீவு ஒன்றுக்குப் போய்வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆடம்பர ரிசார்ட், தேனிலவுப் பேக்கேஜ் எதுவும் இதில் கிடையாது. செலவும் கட்டுப்படியாக வேண்டும், கூட்டமும் இரைச்சலும் குறைவாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும். விசா, வரி, அனுமதி போன்றவை அடிக்கடி மாறும். டிக்கெட் போடும் வாரத்தில் அந்தந்த அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏனுங்க, ஊட்டியும் வால்பாறையும் பக்கத்திலேயே இருக்கு. எதுக்குத் தீவு?

ஊட்டிக்குப் போனால் நாள் முழுக்கக் காருக்குள்தான் இருப்போம். அப்பா ஓட்டுவார், அம்மா வழி சொல்வார், பின் சீட்டில் பையன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தூங்குவான். எந்த இடத்துக்கும் பெரியவர்கள் கூட்டிப் போனால்தான் உண்டு. சின்னத் தீவில் காருக்கே வேலை இல்லை. பதினாலு வயதுப் பெண் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், இளநீர் குடித்துவிட்டு, தானாகத் திரும்பி வருவாள். அந்த வயதுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு தீவை எடைபோட நான் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றுதான்: பிள்ளையைத் தனியாக அனுப்பிவிட்டு நாம் பதறாமல் உட்கார்ந்திருக்க முடியுமா? முடியாது என்றால் அந்தத் தீவு எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஆகாது.

எந்த மாதம் போகலாம்?

தீவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். முதலில் பள்ளி நாட்காட்டி, அப்புறம் கடல், கடைசியாகத்தான் தீவு.

அரையாண்டு லீவில், அதாவது டிசம்பர் கடைசி வாரத்தில், கடல் நன்றாக இருக்கும். விலைதான் வருடத்திலேயே உச்சத்தில் இருக்கும். அந்தமானிலும் மாலத்தீவிலும் அப்போது அறைக்குச் சொல்கிற வாடகையைக் கேட்டால் பயணமே வேண்டாம் என்று தோன்றும்.

பொங்கலை ஒட்டிய நாட்களுக்கே என் ஓட்டு. புத்தாண்டுக் கூட்டம் வடிந்திருக்கும். அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு மூன்றிலும் மழை குறைந்து கடல் தெளிவாக இருக்கும். ஆனால் தோட்டத்தில் பட்டிப் பொங்கல் வைக்கிற வீட்டுக்காரர்களிடம் இதைச் சொல்ல முடியாது. மாட்டை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? அவர்கள் ஜனவரி 26-ஐ ஒட்டி இரண்டு நாள் கூடுதலாக லீவு எடுத்துக்கொள்ளலாம்.

முழுப் பரீட்சை முடிந்து ஏப்ரல் பின்பாதியிலிருந்து மே முதல் வாரம் வரை அந்தமானும் லட்சத்தீவும் போகலாம். வெயில் உறைக்கும், ஆனால் கடல் அடங்கியிருக்கும். மே மூன்றாவது வாரம் வாக்கில் தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகு அங்கே கப்பல் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது.

இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏப்ரலிலும் சிறப்பு வகுப்பு இருக்கும். நீட் எழுதுகிறவர்களுக்குத் தேர்வு மே முதல் ஞாயிறு வாக்கில்தான் வரும். அவர்கள் விடுபடும்போது அந்தமானில் மழை தொடங்கும் நேரம். அந்த வீடுகளுக்கு இலங்கையின் கிழக்குக் கரைதான் சரி. மே முதல் செப்டம்பர் வரை அங்கே கடல் அமைதியாக இருக்கும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்களுக்குத் தீபாவளியை விட்டால் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் கிடைக்காது. அது வடகிழக்குப் பருவமழை நேரம். அந்தமானில் இரண்டு நாள் வெயில், இரண்டு நாள் மழை என்று கலந்து வரும். அதற்குத் தயாராக இருந்தால் போகலாம். பணத்தைத் திரும்பத் தருகிற டிக்கெட்டாகப் போடுங்கள்.

முதல் தடவை போகிறோம். ஒரே ஒரு இடம் சொல்லுங்க.

நீல் தீவு. அந்தமானில் இருக்கிறது. 2018-இல் ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். கப்பல் டிக்கெட்டில் இரண்டு பெயரையும் பார்க்கலாம். அதே சமயம் பக்கத்துத் தீவான ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது. தலைநகரம் போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆனது.

நீல் சுமார் 14 சதுர கிலோமீட்டர்தான். ஒரு கடைவீதி, அதை ஒட்டிக் காய்கறிச் சந்தை, நாலைந்து கடற்கரைகள். சைக்கிளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய விவசாயிகள் அதிகம். அந்தமானுக்கு வேண்டிய காய்கறியில் நிறைய இங்கேதான் விளைகிறது. சாலையின் இரு பக்கமும் வாழை, பாக்கு, தென்னை, கத்திரி, வெண்டைப் பாத்தி. கோபிக்காரர்களும் பொள்ளாச்சிக்காரர்களும் கடலை மறந்துவிட்டு வரப்பில் நின்று உரம் என்ன போடுகிறீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பார்த்திருக்கிறேன்.

பரத்பூர் கடற்கரை படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆழம் குறைவு, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். லக்ஷ்மண்பூரில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம், சீதாபூரில் உதிப்பதை. கடல் குடைந்து வைத்த இயற்கைப் பாறைப் பாலம் ஒன்றும் உண்டு. ஓதம், அதாவது தினமும் ஏறி இறங்கும் கடல் மட்டம், இறங்கியிருக்கும் நேரத்தில்தான் அதன் அடிக்கு நடந்து போக முடியும். அந்த நேரத்தில் பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் சின்ன மீனும் நண்டும் கடல் அட்டையும் மாட்டிக்கொண்டிருக்கும். ஓத நேரத்தைக் கைப்பேசியில் பார்த்து அன்றைய நாளைத் திட்டமிடும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். பரத்பூரில் குளிப்பதற்கு மட்டும் ஓதம் ஏறியிருக்க வேண்டும், இறங்கினால் முழங்காலளவு தண்ணீர்தான் இருக்கும்.

இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் மணல் முழுக்கச் சங்குகள் நகரும். உள்ளே துறவி நண்டு. ஒவ்வொன்றும் தனக்குப் பொருந்திய காலிச் சங்கைத் தேடி மாட்டிக்கொண்டு அலையும். ஒரு சங்கையும் ஊருக்கு எடுத்து வராதீர்கள். நண்டுக்கு வீடு போய்விடும் என்பது ஒரு பக்கம். பவளமும் பல வகைச் சங்குகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன, விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள் என்பது இன்னொரு பக்கம்.

ஹேவ்லாக் போகாமல் வந்தால் அந்தமான் போன மாதிரியா?

ராதாநகர் கடற்கரையின் பெயரால் வருகிற கேள்வி இது. மணலை ஒட்டி ஓங்கி நிற்கும் மரங்கள், அகன்ற வெள்ளை மணல். அழகுக்குக் குறையே இல்லை. நீலிலிருந்து படகில் ஒரு மணி நேரம்தான். ஆனால் ஹேவ்லாக் பெரியது. கடற்கரைக்கும் தங்கும் இடத்துக்கும் இடையே பல கிலோமீட்டர், ஆட்டோவுக்குக் கொடுத்தே காசு கரையும். ஸ்கூபா (காற்று உருளை மாட்டிக்கொண்டு முக்குளிப்பது) கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளை இருந்தால் இரண்டு இரவு வையுங்கள். மற்றபடி இரண்டு தீவு, மூன்று தீவு என்று தாவ வேண்டாம். ஒவ்வொரு தாவலிலும் அரை நாள் படகுத்துறையில் போகும்: வரிசை, பெட்டி எடை, அடையாள அட்டை, மறுபடி வரிசை. ஒரே தீவில் நாலு இரவு தங்கினால் மூன்றாம் நாள் பெட்டிக்கடைக்காரருக்குப் பிள்ளையின் பெயர் தெரிந்திருக்கும்.

எப்படிப் போவது? கப்பலில் போனால் மலிவாமே?

கோவை, சேலத்திலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கோவையிலிருந்து ஒரே டிக்கெட்டாகப் போட்டால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததற்கு அவர்கள் பொறுப்பு. தனித்தனியாகப் போட்டால் நம் பாடு.

காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் சேரன், நீலகிரி, ஏற்காடு எக்ஸ்பிரஸ் எதிலாவது இரவு ஏறி விடியற்காலை சென்னை சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து மெட்ரோ நேராக விமான நிலையத்துக்குப் போகிறது. விமானம் காலை பத்து மணிக்குப் பிந்தியதாக இருக்கட்டும், ரயில் தாமதமானாலும் நெஞ்சு படபடக்காது.

சென்னையிலிருந்து கப்பல் உண்டு. போக மட்டும் ஏறக்குறைய மூன்று நாள். கல்லூரி முடித்த பையன்களுக்குச் சரி. ஒரு வார லீவில் பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கட்டாது.

நாலு பேருக்கு எவ்வளவு ஆகும்?

விமான டிக்கெட்டைத் தனியாக வைத்துவிடுங்கள். மற்ற எல்லாச் செலவையும் சேர்த்தாலும் அதுதான் பெரிதாக நிற்கும், நாளுக்கு நாள் மாறவும் செய்யும். இரண்டு மூன்று மாதம் முன்பே போடுவது ஒன்றுதான் வழி.

நீல் தீவில் நாலு இரவுக்கு என் தோராயக் கணக்கு இது. எளிய அறை ஒன்று 1,500 முதல் 3,000 ரூபாய். பிள்ளைகளுக்குத் தனி அறை கொடுங்கள், இரண்டு அறைக்கு நாளுக்கு 4,000 என்றால் 16,000. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து நீலுக்குத் தனியார் படகில் போக ஒருவருக்கு 1,500 வாக்கில், வரவும் அதே அளவு, ஆக நாலு பேருக்கு 12,000. சாப்பாடு ஒருவருக்கு நாளுக்கு 700 என்றால் ஐந்து நாளுக்கு 14,000. சைக்கிள், ஸ்நார்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது), ஆட்டோ எல்லாம் சேர்த்து ஒரு 10,000. டிக்கெட் நீங்கலாக ஐம்பது ஐம்பத்தைந்தாயிரத்தில் முடியும்.

அரசுப் படகு இதைவிட மலிவு. ஆனால் அது தீவு மக்களுக்காக ஓடுவது, அவர்களுக்குத்தான் முதல் இடம். நேரமும் அதிகம் பிடிக்கும். கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள், நீலில் ஏ.டி.எம்.மை நம்பி இறங்கக் கூடாது.

லட்சத்தீவு நமக்குப் பக்கம்தானே?

தூரத்தில் பக்கம், நடைமுறையில் தூரம். பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் கொச்சி. கோவையிலிருந்து காரில் நாலு மணி நேரம். அங்கிருந்து அகத்தித் தீவுக்குச் சின்ன விமானம், அல்லது ஓர் இரவுக் கப்பல். 36 தீவுகளில் மக்கள் வாழ்வது பத்தில்தான். தண்ணீரின் நிறத்தைப் பொறுத்தவரை இந்தியாவில் இதற்கு இணை இல்லை. மலையாளம் ஓரளவு புரிகிறவர்களுக்குப் பேச்சிலும் தடையில்லை.

ஆனால் தீவுக்காரர் அல்லாத யாருக்கும் நுழைவு அனுமதி வேண்டும். அறைகள் குறைவு, கப்பல் இடமும் குறைவு. பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு வாரம் தள்ளிப் போகலாம் என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மழைக்காலத்தில் போக்குவரத்து சுருங்கிவிடும். ஆறு மாதம் முன்பே தேதியை உறுதி செய்ய முடிகிறவர்களுக்கு நல்ல இடம். கடைசி நேரத்தில் கிளம்புகிற குடும்பங்கள் இதை ஆசையாகவே வைத்துக்கொள்ளட்டும்.

மாலத்தீவு நம் பட்ஜெட்டுக்கு வருமா?

தனித்தீவு ரிசார்ட் வராது. மக்கள் வாழும் தீவு வரும். 2009-க்குப் பிறகுதான் உள்ளூர் மக்கள் தங்கள் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த அனுமதி கிடைத்தது. மாஃபுஷி, துலுஸ்தூ, திகுரா, உகுல்ஹாஸ் எல்லாம் அப்படி வளர்ந்தவை. மாஃபுஷி மலிவு, ஆனால் கூட்டம் அதிகம். அமைதி வேண்டுமென்றால் திகுரா. நீளமான மணல்திட்டு, பக்கத்துக் கடலில் திமிங்கலச் சுறா பார்க்கப் படகு போகிறது.

இந்தியர்களுக்கு விசா அங்கே இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். மறைந்திருக்கும் செலவு பச்சை வரி. 2025 ஜனவரி முதல் சின்ன விடுதியில் ஆளுக்கு இரவுக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12. நாலு பேர் நாலு இரவு என்றால் 96 டாலர். குழந்தை என்று பதினாலு வயதுப் பையனுக்குத் தள்ளுபடி கேட்க முடியாது. அரசுப் படகு வெள்ளிக்கிழமை பெரும்பாலும் ஓடாது, அன்று போய் இறங்கினால் விரைவுப் படகுக்கு ஆளுக்குப் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

ஊருக்குள் தோளும் முழங்காலும் மறைய உடுத்த வேண்டும், நீச்சல் உடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். மது கிடையாது. குடும்பத்தோடு போகிற நமக்கு இதெல்லாம் வசதியே. காலை உணவு மஸ் ஹுனி: சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பிசைந்து, சப்பாத்தி மாதிரி ரொஷியோடு தருவார்கள். சைவக் குடும்பங்கள் முன்பே சொல்லி வையுங்கள்.

இலங்கையைப் பத்தி விரிவாச் சொல்றேன்னீங்களே?

மே மாத வீடுகளுக்கு இதுதான் விடை. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளி. நீளமான கடற்கரை, சின்னச் சின்ன விடுதிகள், தமிழ் பேசுகிற ஊர். அங்கிருந்து படகில் கொஞ்ச நேரத்தில் புறாத்தீவு தேசியப் பூங்கா. இடுப்பளவு தண்ணீரில் முகத்தை வைத்தாலே பவளமும் வண்ண மீனும் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் கருநுனிச் சுறாக் குட்டிகள் ஓரமாக நீந்திப் போகும். அவை ஆளைக் கண்டால் தாமே விலகிவிடும். கூட்டம் சேரும் முன் காலை முதல் படகில் போய்விடுங்கள்.

கரூர், நாமக்கல் பக்கத்தவர்களுக்குத் திருச்சி விமான நிலையம் கைக்கெட்டும் தூரம். அங்கிருந்து கொழும்புக்கும், 2025 முதல் யாழ்ப்பாணத்துக்கும் விமானம் தொடங்கியிருக்கிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு, கடலில் சுமார் நாலு மணி நேரம். வடகிழக்குப் பருவமழையில் அதை நிறுத்திவிடுவார்கள்.

யாழ்ப்பாணம் வழியாகப் போனால் ஒரு நாள் நெடுந்தீவுக்கு ஒதுக்குங்கள். குறிகாட்டுவான் துறையிலிருந்து படகில் ஒரு மணி நேரம். பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், ஆளரவமற்ற புல்வெளி, அதில் கட்டில்லாமல் திரியும் குதிரைகள். நம் காங்கேயம் பக்கத்துக் கிளுவை வேலிக்குப் பழகிய கண்ணுக்கு அந்தக் கல்வேலி விசித்திரமாகத் தெரியும். நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

தாய்லாந்து, பாலி?

இரண்டும் நல்ல இடங்கள்தான். முதல் பயணத்துக்கு வேண்டாம். விமானம், இன்னொரு விமானம், பஸ், படகு என்று போகவே ஒன்றரை நாள். கல்லூரிக்குப் போன பிறகு அவர்களே நண்பர்களோடு போய்க்கொள்வார்கள்.

விமானத்துக்கே காசில்லைங்க. என்ன செய்ய?

பாம்பனும் தீவுதான். ராமேஸ்வரம் என்றதும் நமக்குக் கோயிலும் தீர்த்தமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் இடிபாடுகளையும் இரண்டு கடலுக்கு நடுவே ஓடும் அந்தச் சாலையையும் பார்த்த பிள்ளை மறக்காது. தனுஷ்கோடியில் காலை நனைப்பதோடு நிறுத்துங்கள், நீரோட்டம் மோசம். குளிக்க மண்டபத்துக்கு முன்பே அரியமான் கடற்கரை இருக்கிறது, அலை குறைவு. குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கடலே பார்க்காத பிள்ளைக்கு இது நல்ல ஒத்திகை.

கிணத்துல நீச்சல் பழகின பையன். கடல்ல விடலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே பதில் சொல்வேன். கிணற்றிலும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலிலும் பழகியவர்களுக்குத் தைரியம் அதிகம், ஆபத்தே அதில்தான். கிணற்றில் நாலு பக்கமும் சுவர் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் ஒரே திசையில் போகும், கரை கைக்கெட்டும். கடலில் கரைக்கு வந்த தண்ணீர் ஒரு குறுகலான தடத்தில் வேகமாகத் திரும்பி ஓடும். அதில் மாட்டியவன் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டால் களைத்துப் போவான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். இதைப் போகும் முன்பே வீட்டில் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள்.

அந்தமானில் உவர்நீர் முதலைகளும் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், சதுப்புக்காடும் ஓடையும் கடலில் சேரும் இடத்திலும் இறங்கவே கூடாது. உயிர்காப்பாளர் நிற்கிற பகுதிக்குள் மட்டும் குளிக்கட்டும்.

ஸ்கூபா எந்த வயதில் செய்யலாம்?

பயிற்றுநர் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும் அறிமுக முக்குளிப்புக்கு 10 வயது போதும், நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 12 மீட்டருக்குக் கீழே போகமாட்டார்கள். பெற்றோர் கையெழுத்துக் கேட்பார்கள், உடல்நிலைப் படிவமும் உண்டு. வீசிங், வலிப்பு, காதுக் கோளாறு இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். முன்பே டாக்டரிடம் காட்டிச் சான்று வாங்கி வருவது நல்லது. சளி பிடித்திருக்கும் அன்று வேண்டாம், காது வலி தாங்காது.

முக்குளித்த அன்றே விமானம் ஏறக் கூடாது. ஒரு தடவை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல தடவை என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆகவே ஸ்கூபாவைப் பயணத்தின் முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள்.

ஸ்நார்கல் மாஸ்க்கில் தண்ணீர் ஏறுகிறது என்று பிள்ளை பயந்துவிட்டது. வழி உண்டா?

பெரும்பாலும் அளவுதான் பிரச்சினை. வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சச் சொல்லுங்கள். கையை எடுத்தும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது பொருந்துகிற மாஸ்க். விழுந்தால் வேறு கேளுங்கள். வாரை இறுக்கினால் சரியாகிவிடும் என்று படகுக்காரர் சொல்வார், ஆகாது. ஒரு முடி விளிம்புக்குள் சிக்கினாலும் தண்ணீர் கசியும். பெண் பிள்ளைகள் முன்நெற்றி முடியை முழுக்கப் பின்னுக்குத் தள்ள வேண்டும். புதிதாக அரும்பு மீசை விட்ட பையனுக்கு மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். மீசையை எடுக்கச் சொன்னால் பயணமே கெட்டுவிடும். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்பக்கம் ஒரு துளி குழந்தை ஷாம்பு தேய்த்துக் கடல் நீரில் அலசினால் போதும்.

முதல் பழக்கம் முழங்காலளவு தண்ணீரில், நின்றபடியே.

பையன் ஊர்ல ஸ்கூட்டி ஓட்டுவான். தீவில் வாடகைக்கு எடுத்துத் தரலாமா?

கூடாது. தோட்டத்துக்குப் பால் கேன் கொண்டு போகிற பழக்கம் வேறு. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் வண்டியோடு பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. சைக்கிள் போதும்.

நெட் கிடைக்காட்டி வர மாட்டேன்கிறாள்.

2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு ஸ்ரீ விஜயபுரத்திலும் ஹேவ்லாக்கிலும் பரவாயில்லை. நீலில் விட்டு விட்டு வரும். லட்சத்தீவுக்கும் 2024-இல் கொச்சியிலிருந்து கேபிள் வந்துவிட்டது. இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஃபோனைப் பிடுங்குவேன் என்று மட்டும் கிளம்பும் முன்பே மிரட்டாதீர்கள். ஒரு நாள் முழுக்க என்ன செய்வது, எங்கே சாப்பிடுவது என்று அவளே முடிவு செய்யட்டும், அந்த நாளுக்கான காசையும் அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மதியம் வரை தூங்கினால் தூங்கட்டும். ஆனால் ஒன்று: அந்தமானில் ஜனவரியில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், மே மாதம் காலை ஐந்து மணிக்கே வெளிச்சம். மதியம் எழுந்தால் அவளுக்குக் கிடைப்பது அரை நாள்தான்.

சாப்பாடு?

ஸ்ரீ விஜயபுரத்தில் தமிழர்கள் நிறைய, இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை. நீலில் சோறு, பருப்பு, மீன், முட்டை. பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, நிலக்கடலை கொண்டு போங்கள். ஒப்பிட்டும் கச்சாயமும் இரண்டு நாள் தாங்கும். ஈரக் காற்றில் அதற்கு மேல் நம்ப முடியாது. பொள்ளாச்சிக்காரர்கள் இளநீர் விலையைக் கேட்காமலே குடித்துவிடுவது மனதுக்கு நல்லது.

பயண நாட்களில் பெண்ணுக்கு மாதவிலக்கு வந்தால்?

வரும் என்று எண்ணியே பை கட்டுங்கள். அவள் பழகிய நாப்கினைப் போதுமான அளவு ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள், தீவுக் கடையில் அந்த வகை இருக்காது. நாள் தள்ளும் மாத்திரை டாக்டர் சொல்லாமல் வேண்டாம். அந்த நாளில் தண்ணீரில் இறங்குவதா வேண்டாமா என்பது அவள் விருப்பம். அம்மா, அத்தை, சித்தி எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை.

அம்முச்சியும் அப்புச்சியும் வர்றாங்க. சமாளிக்கலாமா?

தாராளமாக. முழங்கால் வலி இருந்தால் படகில் ஏறி இறங்கும் பலகைதான் கஷ்டம், ஊழியர்கள் கை கொடுப்பார்கள். வாந்தி மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். தரைத்தள அறையாகக் கேளுங்கள். பெரியவர்களுக்கு நாள் முழுக்கச் சுற்றும் திட்டம் வேண்டாம் என்பதால், பிள்ளைகளுக்குத் தனியே திரியும் நேரம் தானாகவே கூடும்.

பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க என்ன செலவு?

18 வயதுக்குக் கீழே 1,000 ரூபாய். ஐந்து வருடம் அல்லது 18 வயது, எது முந்தியோ அதுவரை செல்லும். 15 முடிந்தவர்கள் 1,500 கட்டிப் பத்து வருடப் பாஸ்போர்ட்டாகவே எடுக்கலாம், பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதுதான் லாபம். பெற்றோர் இருவரின் சம்மதப் படிவமும் வேண்டும். பள்ளிச் சான்றிதழ், ஆதார், பிறப்புச் சான்று மூன்றிலும் பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் விண்ணப்பங்கள் அங்கேதான் முட்டி நிற்கும். அந்தமானுக்கு இது எதுவும் தேவையில்லை, அசல் ஆதார் போதும்.

படகு ரத்தானால் விமானத்தைத் தவறவிட்டுவிடுவோமா?

தீவிலிருந்து வந்த அன்றே விமானம் போட்டிருந்தால் அந்த ஆபத்து உண்டு. காற்று பலமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், பணம் திரும்ப வரும், விமானம் காத்திருக்காது. கடைசி இரவை எப்போதும் ஸ்ரீ விஜயபுரத்தில் வையுங்கள். ஸ்கூபா இடைவெளிக்கும் அது உதவும். பகலில் படகு வந்து சேர்ந்தால் அன்று செல்லுலார் சிறையைப் பார்க்கலாம். 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்தது. கைதிகளைச் செக்கிழுக்க வைத்த இடத்தை அங்கே காட்டுவார்கள். வ.உ.சி. இழுத்த செக்கு கோவை மத்தியச் சிறை வளாகத்தில் இருப்பது கோவைப் பிள்ளைகள் பலருக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். மாலை ஒலி ஒளிக் காட்சிக்கு டிக்கெட்டை முன்பே வாங்கிவிடுங்கள். இந்தி, ஆங்கிலம் என்று நேரம் பிரித்திருப்பார்கள், எது வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடம் கேட்டுப் போடுங்கள்.